தாராவியில் ஒரு குடும்பத்துக்கு வழித்துணையாக இருப்பது எப்படி?

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சம்பாதிப்பவர் நோயில் விழுந்தோ வேலை நின்றோ தடுமாறும் ஒரு வீட்டுக்குத் துணை நிற்க விரும்பும் சங்கத்தார், பல வீடுகளுக்கு ஒருநாள் அரிசிப் பை வழங்குவதைவிட, ஒரே வீட்டுடன் ஆறு மாதம் விடாமல் நடப்பதையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு குடும்பத்துக்கு இருவர் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பதும், ஒருவருக்கேனும் மராத்தியோ இந்தியோ சரளமாக வருவதும் அவசியம்.

முதல் சந்திப்புக்கு நோட்டும் பேனாவுமாகப் போகாதீர்கள். கணக்கெடுக்க வந்தவர் என்றே நினைப்பார்கள். ஒற்றை அறை வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பதால், கடனையும் குடிப்பழக்கத்தையும் பற்றி அங்கே கேட்காமல், வெளியே நடந்தபடி பேசுவது நல்லது. இரண்டு மூன்று முறை போன பிறகு, பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை அவர்களே இறக்குவார்கள். ஆதார், ரேஷன் அட்டை, மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

முதலில் ரேஷன் அட்டையைப் பாருங்கள். அது தமிழ்நாட்டின் முன்னுரிமை அட்டையாகவோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டையாகவோ இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் மும்பைக் கடையிலும் தானியம் வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஊரில் இருக்கும் பெற்றோர் தங்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் பருப்பு, சர்க்கரை போன்ற தமிழ்நாட்டுச் சலுகைகள் இங்கே கிடையாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்தே விரல் ரேகை மங்கியிருக்கும். ரேஷன் கடையின் ரேகைக் கருவி ஏற்காதபோது, அட்டையில் பெயருள்ள வேறொருவரை அழைத்துச் செல்லலாம்.

அடிதடி நடக்கும் வீடானால் நீங்களே பஞ்சாயத்துப் பேச முற்படாமல் பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும், குழந்தைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும், மனம் ஒடிந்து பேசுபவருக்கு மனநல உதவி எண்ணான 14416-ஐயும் அழையுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

உங்கள் கைப்பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதபோது, உங்களைக் கண்டாலே அவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

நான்காம் மாதத்திலிருந்து ரேஷன் கடையிலும் அரசு அலுவலகத்திலும் அவர்களையே பேசவிட்டு, நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஆறாம் மாத முடிவில், உங்களிடம் உள்ள அவர்களுடைய ஆவண நகல்களை எல்லாம் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.