இரட்டைக் குழந்தையா? 32-வது வாரத்துக்குள் தயாராகிவிடுங்கள்

ஸ்கேனில் இரண்டு இதயத் துடிப்பு தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் கேட்பது, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?" என்றுதான். அது பிறந்த பிறகு தெரிந்தால் போதும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது நன்றாகத் தெரியும். மாதம் ஏற ஏறச் சொல்வது கடினம். ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து எத்தனை ஸ்கேன், எப்போது பிரசவம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஆளுக்கொரு நஞ்சுக்கொடி என்றால் பெரும்பாலும் நாலு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒன்றையே இருவரும் பகிர்ந்துகொண்டால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. என் பையன்கள் இந்த இரண்டாவது ரகம். இப்படிப் பகிரும் கர்ப்பங்களில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தில், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் வயிற்றுக்குள்ளேயே லேசர் சிகிச்சை செய்ய வழி இருக்கிறது. அதனால் "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஒரு ஸ்கேனைக்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அரிதாக, நஞ்சுக்கொடி மட்டுமல்ல, பனிக்குடமும் ஒன்றாக இருக்கும். அவர்களுக்கு 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்வதுதான் வழக்கம்.

இப்போது தேதிக்கு வருவோம். உங்கள் ஃபைலில் 40 வாரக் கணக்கில் ஒரு நாள் எழுதியிருக்கும். அதை மறந்துவிடுங்கள். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். சிக்கல் இல்லாவிட்டாலும் ஒரே நஞ்சுக்கொடி என்றால் 36-ஐ ஒட்டி, இரண்டு என்றால் 37, 38-ஐ ஒட்டி டாக்டரே பிரசவத்துக்கு நாள் குறிப்பார். நான் 32-வது வாரத்தைத்தான் கெடுவாக வைத்துக்கொண்டேன். பை கட்டுவது, ஆபீஸில் வேலையை ஒப்படைப்பது, வீட்டில் சாமான் நகர்த்துவது எல்லாம் அதற்குள். அந்தச் சமயத்தில் என் வயிறு மற்றவர்களின் நிறைமாத வயிறு போல இருந்தது. கீழே விழுந்த பேனாவைக்கூட என் கணவர்தான் எடுத்துத் தர வேண்டியிருந்தது. எங்களுக்கு 35-வது வாரத்தில் பிறந்தார்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது அறை எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு அங்கே இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று நேராகவே கேளுங்கள். முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் பலருக்குச் சுகப்பிரசவம் முடியும். இரட்டை என்றாலே சிசேரியன் என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் டாக்டருக்கு இரட்டைச் சுகப்பிரசவத்தில் பழக்கம் உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

இரட்டைக் கர்ப்பத்தில் பிரஷரும் ரத்தசோகையும் அதிகம் வரும். பிரஷரைத் தடுக்கச் சிலருக்கு 12-வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாக எடுக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்று வலி, 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வயிறு இறுகுவது, நீர் உடைவது, ரத்தம் படுவது, அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி ஒன்றுதான் என்றால் கவனிக்க வேண்டிய இன்னோர் அறிகுறியும் உண்டு. ஓரிரு நாளில் வயிறு மளமளவென்று பெருத்து மூச்சு முட்டினால் உடனே கிளம்புங்கள்.

வாங்க வேண்டியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இரட்டையர் சராசரியாக இரண்டரை கிலோவை ஒட்டித்தான் பிறக்கிறார்கள், அதனால் சின்ன அளவு உடுப்பு கொஞ்சம் வேண்டும். டயப்பர் நாளைக்கு இருபது வரை போகும்; ஆனாலும் முதல் அளவை மூட்டையாக வாங்காதீர்கள், சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள். படுக்கை ஆளுக்கொன்று: கெட்டியான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைப்பது, உள்ளே தலையணையோ பொம்மையோ கூடாது. இருவர் உட்காரும் தள்ளுவண்டி வாங்குவதற்கு முன் வாசல், லிப்ட் கதவு இரண்டையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பக்கம் பக்கமாக உட்காரும் வண்டி எங்கள் வாசலில் நுழையாது என்று டேப்தான் சொன்னது. ஒரே மாதிரி ஜோடி உடுப்பு பரிசாக வந்து குவியும். அழகுதான், ஆனால் நள்ளிரவில் யாருக்குப் பால் கொடுத்தோம் என்று தெரியாமல் போகும். நாங்கள் ஆஸ்பத்திரிப் பட்டையைக் கழற்றும் முன்பே ஒருவனின் கால் கட்டைவிரலில் நகப்பூச்சு வைத்துவிட்டோம்.

சாமானைவிட ஆள்தான் முக்கியம். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இரண்டு என்றால் 16 முதல் 24. எனவே உதவிக்கு வருகிறேன் என்பவர்களிடம் "எப்ப வேணா வாங்க" என்று சொல்லாதீர்கள். நாளும் நேரமும் கேட்டு எழுதுங்கள். என் அம்மாவுக்கு இரவு ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை, என் கணவருக்கு இரண்டிலிருந்து விடியும் வரை. என் மாமியார் பகலில் வருவார். அவரிடம் குழந்தையைத் தூக்குவதைவிடத் துவைத்து மடிக்கும் வேலை வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்தோம். கொஞ்சம் கசப்புதான், ஆனால் முன்கூட்டிச் சொன்ன கசப்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

பால் இரண்டு பேருக்கும் போதுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். எவ்வளவு குடிக்கிறார்களோ அவ்வளவு ஊறும் என்பதுதான் உடம்பின் கணக்கு. முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பழக்குங்கள். அப்புறம் இரண்டு கைக்கும் கீழே ஆளுக்கொருவராக, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் நீட்டியிருக்கும்படி ஏந்தி ஒரே நேரத்தில் கொடுக்கலாம். இரண்டாவது குழந்தையை எடுத்துத் தர ஓர் ஆள் அவசியம் வேண்டும். ஒருவன் எழுந்தால் மற்றவனையும் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். தூங்குகிறதே என்று பாவம் பார்த்தால் அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு மணி, எந்தப் பக்கம், ஈர டயப்பர் என்று குறித்தால் போதும். மொபைல் ஆப்பைவிட நோட்டு மேல், ஷிப்ட் மாறும்போது எல்லோர் கண்ணிலும் படும்.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், பிறந்த ஆறு மணி நேரத்துக்குள்ளேயே பாலைப் பீய்ச்சத் தொடங்குங்கள். கையாலோ பம்ப்பாலோ, ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, இரவிலும் ஒருமுறை. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு இன்னும் வந்திருக்காது. பெரும்பாலும் குழாய் வழியே அந்தப் பால்தான் போகும். ஒருவன் முன்னால் வீட்டுக்கு வந்து மற்றவன் அங்கேயே இருப்பதும் நடக்கும். வீட்டில் யார், ஆஸ்பத்திரியில் யார், பாலை யார் கொண்டுபோவது என்று முன்பே பேசிவையுங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. பேசி வைத்திருந்ததால் அழுவதற்காவது நேரம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வளர்ச்சியைப் பார்க்கும்போது, எத்தனை வாரம் முன்னால் பிறந்தார்களோ அதைக் கழித்துப் பாருங்கள். எட்டு வாரம் முன்னால் பிறந்த நாலு மாதக் குழந்தையிடம் இரண்டு மாதக் குழந்தை செய்வதை எதிர்பார்த்தால் போதும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிதான் கணக்கு.