ஆகஸ்டில் டிக்கெட் போடாதீர்கள்: சிலாய் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, ஆகஸ்ட்ல வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. கரும்பு வெட்டறது, ஆலை, பழைய பங்களா எல்லாம் பாக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே தவறு, அதே மாதம்.

பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில், பகோலோட் நகரத்தில் 13 வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்திலிருக்கும் சிலாய்க்கு அழைத்துப் போவது என் வழக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர். தொப்பி, தண்ணீர், சில்லறை எல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்து வருவீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து நேராக பகோலோட் போய்விடுவது

பெயர் பகோலோட்-சிலாய் விமான நிலையம். 2008இல் திறந்த இந்த நிலையம் இருப்பது சிலாய் எல்லைக்குள். வருகிறவர்கள் வேன் பிடித்து பகோலோட் போய் அறை எடுத்துவிட்டு, மறுநாள் சிலாய் பார்க்க அதே சாலையில் திரும்பி வருகிறார்கள். காலை விமானம் என்றால் முதலில் சிலாய், மாலையில் பகோலோட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பின் நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிப்பது

நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

நெக்ரோஸில் அரவைப் பருவம் செப்டம்பர் இறுதி, அக்டோபர்வாக்கில் தொடங்கி மே வரை போகும். அந்த மாதங்களில் தீவே வேறு மாதிரி இருக்கும். கரும்பு ஏற்றிய லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும். காற்றில் பாகு காய்ச்சும் வாசம் வரும். வெட்டுகிற ஆட்களை இங்கே தபாசெரோ என்பார்கள். கரும்பின் சோகை இலை உடம்பை அறுக்காமல் இருக்க முழுக்கைச் சட்டை, முகத்தில் கண்ணை மட்டும் விட்டுச் சுற்றிய துணி. வெட்டிய கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, லாரியில் சாய்த்து வைத்த ஒற்றைப் பலகையில் ஏறுவார்கள். ஒரு அடி அகலம்கூட இருக்காது, பாரம் ஏற ஏற அது வளைந்து ஆடும். நாள் முழுக்க இப்படி ஏறி இறங்குவார்கள். பக்கத்து பனாய் தீவிலிருந்து பருவத்துக்கு மட்டும் கூலிக்கு வருகிறவர்களுக்கு சகாடா என்று பெயர்.

மே முடிந்தால் ஆலை நின்றுவிடும். அதற்கப்புறம் வரும் மாதங்களுக்கு ஸ்பானிய மொழியில் வைத்த பெயர்தான் இன்றும் வழங்குகிறது: தியெம்போ முவெர்த்தோ, அதாவது செத்த காலம். உள்ளூர் மொழியான இலோங்கோவில் திக்கிரிவி என்பார்கள், பசியில் முகம் கோணுகிற காலம். களை எடுக்க, உரம் போடக் கொஞ்சம் வேலை கிடைக்கும், அவ்வளவுதான். தோட்டத்துக் குடும்பங்கள் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கும். அடுத்த அரவையில் கூலி வந்ததும் முதலில் அந்தக் கடன்தான் கழியும்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. 2014 ஆகஸ்டில் அப்பாவை அழைத்து வந்தேன். எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். அப்பா கோபி பக்கம் நாற்பது வருடம் கரும்பு போட்டவர். "அந்த ஊர்ல எப்படி வெட்டறாங்க, மறுதாம்பு எத்தன தரம் விடறாங்கன்னு பாக்கணும்" என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற கரும்புதான் மறுதாம்பு. சிங்கப்பூர், மணிலா என்று மாறி மாறி விமானம் ஏறி வந்தார்.

சாலையின் இரு பக்கமும் தலைக்கு மேல் பச்சைக் கரும்பு. படம் எடுத்தால் அவ்வளவு அழகு, அதுதான் ஆளை ஏமாற்றுவது. வெட்டு கிடையாது. ஒரு ஆலை வாசலுக்குப் போனோம். புகைபோக்கியில் புகை இல்லை. தண்டவாளத்தில் காலிப் பெட்டிகள் நிற்க, நடுவே முழங்கால் உயரம் புல். உள்ளே எங்கோ வெல்டிங் சத்தம், வருடாந்திரப் பழுது வேலை. அப்பா அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரை வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்று ஒரு தோட்டத்துக் குடியிருப்புக்குக் கூட்டிப் போனேன். திண்ணையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு ஒரு படத்துக்கு நிற்க முடியுமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. உள்ளே போய், சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து வந்தார். துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருந்தது. அவர் அதைத் துடைக்கும்போது அப்பா என் கையைப் பிடித்தார். "வேலையில்லாம உக்காந்திருக்கற மனுசனப் போயி கத்தியத் தூக்கிப் புடிக்கச் சொல்றயே கண்ணு" என்றார். நான் படம் எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்கு இதயக் கோளாறு. நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலை ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் தள்ளிப் போட்டிருந்தால் எல்லாமே பார்த்திருப்பார். இன்றைக்கும் ஆகஸ்டில் யாராவது டிக்கெட் போட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

செத்த காலம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவுடனான லாரல்-லாங்லி வர்த்தக ஒப்பந்தம் 1974இல் முடிந்ததும் நெக்ரோஸ் சர்க்கரைக்கு இருந்த சலுகைச் சந்தை போனது. 1980களின் நடுவில் உலக விலை விழுந்து தோட்டங்கள் முடங்கியபோது இந்தத் தீவில் குழந்தைகள் பட்டினியில் மடிந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேசினால் இதை மறக்கவில்லை என்பது தெரியும்.

ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். மழை குறைவு, ஆலை ஓடும், வயல்களில் கரும்பு வெள்ளிப் பூ விட்டிருக்கும். ஆலைக்குள் போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், வாசலில் போய் நின்றால் விடமாட்டார்கள். நவம்பர் 5ஆம் தேதி இங்கே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. 1898இல் ஸ்பானியருக்கு எதிரான எழுச்சி சிலாயில் தொடங்கியது அன்றுதான். மறுநாள் பகோலோடில் பாயைச் சுருட்டிக் கறுப்பு அடித்து பீரங்கி போலவும், பனை மட்டையைத் துப்பாக்கி போலவும் காட்டியே ஸ்பானியப் படையைச் சரணடைய வைத்தார்கள்.

திங்கட்கிழமை போவது

அருங்காட்சியக வீடுகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது

எல்லாரும் பாலாய் நெக்ரென்ஸே போவார்கள், போகவும் வேண்டும். 1897இல் விக்தோர் காஸ்தோன் கட்டிய வீடு. அவருடைய அப்பா ஈவ் லெயோபோல்ட் ஜெர்மெய்ன் காஸ்தோன் பிரான்ஸிலிருந்து வந்து இங்கே கரும்புத் தொழிலுக்கு அடி போட்டவர்களில் ஒருவர். பெரிய ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மத்தியான வெயிலிலும் காற்று காலில் படும்.

ஆனால் அப்படியான பழைய வீடுகள் ஊரில் சுமார் முப்பது உண்டு. 1908இன் இளஞ்சிவப்பு ஹலாந்தோனி வீடு, 1934இன் ஹோஃபிலேன்யா வீடு, அப்புறம் குவிமாடம் வைத்த சான் தியேகோ தேவாலயம், எல்லாம் நடந்தே பார்க்கலாம். சர்க்கரைப் பணம் இசைக்கும் நாடகத்துக்கும் தாராளமாகப் போன காலத்தில் ஊருக்கு 'நெக்ரோஸின் பாரிஸ்' என்று பெயர் வந்தது. மணிலாவின் கலாச்சார மையத்தை வடிவமைத்த லியாந்த்ரோ லொக்சின் 1928இல் பிறந்ததும் இங்கேதான். இந்த வீடுகளையும் தபாசெரோவின் பலகையையும் ஒரே நாளில் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அந்தத் தோள்கள் சுமந்துதான் இந்த ஜன்னல்கள் வந்தன.

கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே போவது

பல வீடுகளில் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. கேட்காமல் நுழையாதீர்கள்.

பக்கத்து ஊர்களைச் சிலாயோடு சேர்த்துக் குழப்புவது

'ரூயின்ஸ்' என்ற எரிந்த மாளிகை இருப்பது தலிசாயில், பகோலோட் போகிற வழியில். கோபக் கிறிஸ்து சுவரோவியம் விக்டோரியாஸில், சர்க்கரை ஆலை வளாகத்துத் தேவாலயத்தில். அல்ஃபோன்சோ ஒசோரியோ 1950இல் வரைந்தது. அது வடக்கே. இரண்டும் எதிர்த்திசை, ஒரே மத்தியானத்தில் இரண்டையும் பார்க்க நினைத்தால் சாலையில்தான் நேரம் போகும்.

சிலாயின் பதாக் மலைக்கு மதியத்துக்கு மேல் ஏறுவது

மேகம் இறங்கிவிடும். விடியற்காலையில் கிளம்புங்கள்.

தகாலோக் நாலு வார்த்தை போதும் என்று வருவது

தகாலோக் மணிலா பக்கத்து மொழி, இங்கே இலோங்கோ. இழுத்துப் பாடுவது போல மெதுவாகப் பேசுவார்கள். 'சலாமத் கித்' என்றால் ரொம்ப நன்றி. ஊர்ப் பொது வண்டியான ஜீப்னியில் இறங்க 'லுகார் லாங்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வண்டி நிற்காது. பெரியவர்களை மனோங், மனாங் என்று கூப்பிடுங்கள், நம் அண்ணன், அக்கா மாதிரி. முகம் மலர்ந்துவிடும்.

ஹோட்டல் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது

சிலாயில் மனுக்லிபோத் என்னும் பெண்கள் தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாகப் பலகாரம் விற்பார்கள். கூடையில் தென்னங்குருத்துத் திணித்துச் சுருட்டிய லும்பியா இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள், பலவற்றில் பன்றி இறைச்சியோ இறாலோ இருக்கும். காத்யோஸ் என்றால் நம் துவரை, ஆனால் பலாக்காயோடு சமைக்கும் அந்தக் குழம்பிலும் பன்றிதான்.

பியாயாவைப் பெட்டியில் மட்டும் வாங்குவது

நாட்டுச் சர்க்கரை வைத்துத் தட்டிய ரொட்டி, கிட்டத்தட்ட நம் போளி. ஊருக்குப் பெட்டியில் வாங்குங்கள், உங்களுக்குக் கல்லிலிருந்து எடுத்ததும் ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். உள்ளே பாகு கொதித்துக்கொண்டிருக்கும், ஓரத்திலிருந்து கடியுங்கள்.