றெக்கை தானாக முளைக்கட்டும்: காகிதத்தில் ஒரு பரிணாம விளையாட்டு

முதல் தடவை இதை விளையாடியபோது நன்றாகச் சொதப்பினேன். அக்கா பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து, "ஆளுக்கொரு விசித்திர மிருகம் வரையுங்க, அதை வளர்க்கலாம்" என்றேன். பத்து நிமிடத்தில் இரண்டு டிராகன்கள் வந்து நின்றன. இரண்டுக்கும் றெக்கை, இரண்டுக்கும் வாயில் நெருப்பு. பெரியவளுடையதற்குக் கூடுதலாக வாலில் விஷக்கொடுக்கு. எல்லாம் இருக்கிற உயிர் எதற்காக மாறப்போகிறது? மூன்றாவது சுற்றில் சின்னவன் எழுந்து போய்விட்டான்.

அதிலிருந்து என் முதல் விதி: உயிரை வரையாதீர்கள், இடத்தை வரையுங்கள். ஒரு தாளில் மூன்று இடங்கள் போதும். எங்களுடையவை ஓர் ஆழமில்லாத ஏரி, உயரமான புல்வெளி, ஒரு பாறைச் சரிவு. ஒவ்வோர் இடமும் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு உணவு தரும் என்று எண் போடுங்கள். ஏரிக்கு 8, புல்வெளிக்கு 10, பாறைக்கு 5.

அடுத்து மூதாதை. எல்லோருக்கும் ஒன்றுதான், அதுவும் பார்க்கச் சப்பென்று இருக்க வேண்டும். வாய், ஒரு ஜோடிக் கண், இரண்டு ஜோடிக் கால், வழவழப்பான தோல், அளவு 2. இனி ஒவ்வோர் உறுப்புக்கும் தீனிச்செலவு உண்டு: அளவு எவ்வளவோ அவ்வளவு, கண் ஜோடிக்கு 2, கால் ஜோடிக்கு 1, ஓடு முளைத்தால் 3. வாயும் தோலும் இலவசம். ஆக மூதாதையின் செலவு 6. ஏரியில் தாராளமாகப் பிழைக்கும், பாறைக்குப் போனால் பட்டினி. இந்தச் செலவுக் கணக்குதான் விளையாட்டின் உயிர்நாடி. மனித மூளையையே பாருங்கள், உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஓய்வாக இருக்கும்போதுகூட உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. எந்த உறுப்பும் சும்மா கிடைப்பதில்லை.

ஒரு தலைமுறை இப்படி நடக்கும். உயிர் மூன்று குட்டி போடும். ஒவ்வொரு குட்டிக்கும் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் அளவு ஒன்று கூடும், 2 என்றால் ஒன்று குறையும். 3 என்றால் ஓர் உறுப்பு இரட்டிக்கும், 4 என்றால் ஓர் உறுப்பு போய்விடும். 5 விழுந்தால் ஓர் உறுப்பு வேறு வேலைக்கு மாறும், 6 விழுந்தால் மாற்றமே இல்லை. எந்த உறுப்பு என்பதை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் படத்தின் மேல் வையுங்கள், முனை எங்கே படுகிறதோ அதுதான். அப்புறம் உலகத்துக்கு ஒரு பகடை: வறட்சி, வேட்டையாடி, குளிர், உணவு உயரத்துக்குப் போனது, போட்டிக்கு இன்னோர் இனம் வந்தது, கடைசியாக வளமான காலம். வறட்சி என்றால் உணவில் 3 குறையும். மற்றவற்றுக்கு, குட்டி பிழைக்குமா என்று முடிவுசெய்ய என்ன கேள்வி கேட்பது என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகள் தப்பினால் செலவு குறைந்ததுதான் அடுத்த தலைமுறைக்குப் போகும். வளமான காலத்தில் மட்டும் பிடித்த குட்டியை எடுத்துக்கொள்ளலாம். விநோதங்கள் பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.

கேள்வியைத் துல்லியமாக எழுதாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். கணினி ஆய்வாளர் கார்ல் சிம்ஸ் 1994இல் கணினிக்குள் கட்டை கட்டையான உயிர்களை நீந்தவும் நடக்கவும் பரிணமிக்க வைத்தார். வேகமாக நகர்ந்தால் பரிசு என்று வைத்தால், நெட்டையாக வளர்ந்து தொபுக்கென்று விழுந்தே வேகத்தைக் காட்டிவிட முடியும். அதைத் தடுக்க அவர் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் உணவு உயரத்துக்குப் போனபோது சின்னவன், "மூணு குட்டியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சாப்பிடும்" என்றான். நான் எழுதிய கேள்வியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. விட்டுக்கொடுத்தேன். அவனுடைய வம்சம் அதிலிருந்து மும்மூன்றாகத்தான் திரிகிறது.

பெரியவளின் உயிருக்குப் பெயர் குளத்துச்சப்பை. நாலாவது தலைமுறையில் அளவு 2, கண் ஒரு ஜோடி, கால் மூன்று ஜோடி, செலவு 7. வறட்சி வந்தது, ஏரியில் உணவு 5. முதல் குட்டிக்குக் கால் இரட்டித்தது, செலவு 8, போயிற்று. இரண்டாவது பெருத்தது, அதுவும் 8, அதுவும் போயிற்று. மூன்றாவதுக்கு 4 விழுந்தது. கண்ணை மூடிப் பென்சிலை வைத்தாள், முனை நேராகக் கண்ணிலேயே பட்டது. "சித்தி, இது செல்லாது!" என்று ஒரே சத்தம். கூட்டிப் பார்த்தால் செலவு சரியாக 5. குருட்டுக் குட்டி மட்டும் பிழைத்தது. மெக்சிகோவின் குகைகளில் கண்ணில்லாத மீன்கள் இருப்பதைச் சொல்லி ஆற்றினேன், அரைமனதாகச் சமாதானமானாள். இரண்டு தலைமுறை கழித்து 5 விழுந்து, முன்கால் ஜோடி உணர்கொம்பாக மாறியது. அதன்பிறகு அந்தக் கொம்புக்கு அவள் தினம் ஒரு கோடு மயிர் கூட்டிக்கொண்டிருக்கிறாள். கால் வேறு வேலைக்குப் போவது கற்பனை இல்லை, இறால் வாயருகே தீனியைப் பிடிக்க வைத்திருக்கும் தாடைக்கால்கள் அப்படி வந்தவைதான்.

வரைவதற்கு ஒரே ஒரு கட்டாயம்: புதுத் தாளில் முதலிலிருந்து வரையக் கூடாது. மெல்லிய தாளைப் பெற்றோர் படத்தின் மேல் வைத்து நகலெடுத்து, மாறிய இடத்தை மட்டும் மாற்றுங்கள். டிரேசிங் பேப்பர் இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் போதும். முந்தைய கோணல் எல்லாம் கூடவே வரும், வரட்டும். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பு மூளையிலிருந்து நெஞ்சுவரை இறங்கி, இதயத்துக்குப் பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்தில் ஏறுகிறது. அழித்துவிட்டு வரையும் வசதி இயற்கைக்கும் இல்லை.

அளவு 4ஐத் தாண்டினால் கால் ஜோடிக்குச் செலவு 2 ஆக்கிவிடுங்கள். உடல் எல்லாப் பக்கமும் இருமடங்கானால் எடை 8 மடங்காகும், காலெலும்பின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான். இந்த விதி இல்லாவிட்டால் எல்லாம் யானையாகிவிடும். ஆறாம் தலைமுறை வாக்கில் ஒரே உயிரை இரண்டு பேரும் நகலெடுத்துக்கொண்டு ஆளுக்கோர் இடம் போகலாம். சிசிலித் தீவில் ஒரு காலத்தில் சுமார் ஒரு மீட்டர் உயர யானைகள் இருந்தன. தீனி குறைந்த பாறைச் சரிவில் உங்களுக்கும் அப்படி ஏதாவது வாய்க்கும்.

கணினியில்தான் வேண்டும் என்றால், த்ரைவ் (Thrive) என்ற விளையாட்டு இதற்கு நெருங்கியது. நுண்ணுயிரிலிருந்து தொடங்கி, ஒரு தலைமுறைக்கு 100 மாற்றப் புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். மரபணு பிடிக்குமென்றால் நிஷ் (Niche) என்ற விளையாட்டு. 2008இல் வந்த ஸ்போர் (Spore) களிமண் பிசைகிற சுகம், நானும் மணிக்கணக்காகப் பிசைந்திருக்கிறேன். ஆனால் ஒரே தலைமுறையில் உடம்பையே மாற்றிவிடலாம், கழற்றிய உறுப்புக்குப் புள்ளியும் திரும்பக் கிடைக்கும், அதனால் அதைப் பொம்மை செய்வதாக எண்ணி விளையாடுங்கள்.

மூன்று குட்டியும் செத்தால் அந்த வம்சம் முடிந்தது. படத்தின் மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டுச் சுவரிலேயே விட்டுவிடுங்கள், கிழிக்க வேண்டாம். வம்சத்தை இழந்தவர் அடுத்தவரின் வம்சத்திலிருந்து ஒரு நகலெடுத்து வேறு இடத்தில் தொடரலாம். சின்னவனுடைய மும்மூன்று கூட்டம் போன வாரம் குளிரில் தள்ளாடியது. தோற்றால் குளத்துச்சப்பையைத்தான் நகலெடுப்பேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். பெரியவள் இன்னும் சம்மதிக்கவில்லை.