அடுக்ககம் விரிசல் விட்டால்: வட சென்னையில் மனு யாருக்கு, செலவு யாருடையது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலையொட்டி நிற்கும் கட்டடங்களில், உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள காரையைப் பிளந்து தள்ளுகிறது. கம்பியின் போக்கிலேயே நீளும் விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் சன்ஷேடு ஆகியவற்றைக் கண்டால் வெறும் பூச்சு வேலையோடு நிறுத்திவிடாதீர்கள். பூசி மறைத்த விரிசலை எந்தப் பொறியாளருக்கும் காட்ட முடியாது என்பதால், கொத்தனார் வருவதற்கு முன்பே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டடம் யாருடையது என்பதை உறுதிசெய்ய வேண்டும். உங்களிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, கிரயப் பத்திரமா என்பதைப் பொறுத்தே, பழுதுபார்க்கும் பொறுப்பும் செலவும் யாருடையவை என்பது முடிவாகும்.

ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு. 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்டது இதுவே. உங்கள் பகுதிக்கான செயற்பொறியாளருக்கு, பிளாக் எண்ணையும் மாடியையும் குறிப்பிட்டு, குடியிருப்போர் பலர் கையெழுத்திட்டு மனு அளியுங்கள். மனு பெற்றதற்கான ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். ஆய்வுக்கு வந்து போன பிறகு அறிக்கை உங்கள் கைக்கு வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் அதன் நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியது அலுவலகத்தின் கடமை. வாய்மொழியாகச் சொன்ன உறுதிமொழியை வைத்து எந்த நிதியும் ஒதுக்கப்படுவதில்லை. கட்டடம் வசிக்கத் தகுதியற்றது என்று எழுத்தில் பதிவான பிறகே மறுகட்டுமானத்துக்கான கோப்பு நகரும்.

மறுகட்டுமானம் முடிவானால், வெளியே வாடகைக்குத் தங்குவதற்காகக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை வழங்கப்பட்டுவருகிறது. பிரதமரின் அனைவருக்கும் வீடு திட்டத்தில் ஒன்றிய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் தந்துள்ளது. மீதியில் பெரும்பகுதியை மாநில அரசு ஏற்கிறது. இங்கேதான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. இறந்துபோன தந்தையின் பெயரிலேயே ஒதுக்கீடு நீடித்தால், வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் தொகையும் புதிய வீட்டுக்கான உரிமையும் தகராறாகிவிடும். ஆகவே குடியிருப்போர் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே வாரிசுச் சான்றிதழுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

விரிசல் நம் கண்ணெதிரே விரிந்தால், மனுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்தபோது, விரிசலைக் கண்ட மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முதலில் எல்லாரையும் வெளியேற்றுங்கள். பிறகு 112-க்கும் மாநகராட்சியின் 1913-க்கும் அழையுங்கள்.

கிரயப் பத்திரம் உள்ள தனியார் அடுக்ககங்களின் பழுதுபார்ப்புச் செலவை அரசு ஏற்பதில்லை. அபாயகரமான கட்டடத்தைச் சீர்செய்யும்படியோ இடிக்கும்படியோ மாநகராட்சி அறிவிப்பு கொடுக்கலாம், செலவு உரிமையாளர்களுடையதுதான். ராயபுரம், பெரம்பூர் போன்ற பகுதிகளின் பழைய அடுக்ககங்களில் உரிமையாளர் சங்கம் பதிவு செய்யப்படாமலேயே இருந்தால், முதல் வேலை அதுவே. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் பெரிய தொகையை ஒழுங்காகத் திரட்ட முடியாது. செலவைப் பிரிபடாத மனைப் பங்கின் (கட்டடம் நிற்கும் நிலத்தில் பத்திரப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு) விகிதத்தில் பிரித்துக்கொள்வதே சச்சரவைக் குறைக்கும். பழுதுபார்த்துப் பயனில்லாத நிலையில், 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுமேம்பாட்டுக்குப் போகலாம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் புதிய அடுக்ககம் என்றால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறையை, கட்டுநர் 30 நாட்களில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் எழும்பூரிலுள்ள ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளிக்கலாம்.

எந்த வகைக் கட்டடமானாலும், பழுதை ஆராய்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாக அமர்த்தி, கான்கிரீட்டின் தரத்தை அதை உடைக்காமலே அறியும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகளின் முடிவை எழுத்தில் பெறுங்கள். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை, அந்தப் பொறியாளர் வேலையைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொடுங்கள்.