இடைக்கால ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கொலை: துப்பறியும் நாவலாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்காலப் பல்கலைக்கழக நகரம் ஒன்றைக் களமாகக் கொண்டு துப்பறியும் நாவல் எழுத முனைவோர், அக்கால உடையையும் உணவையும் தேடித் தேடிப் படித்துவிட்டு, அந்நகரின் சட்டத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த்தவறு இதுவே என்பது என் கருத்து. 14ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபோர்டில் படித்த மாணவன் திருச்சபையைச் சார்ந்தவனாகக் கருதப்பட்டான். ஆதலால் அரச நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று கண்டாலும், தூக்குமேடைக்கு அனுப்பாமல் ஆயரிடம் ஒப்படைக்கும்படி கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அதே தெருவில் அதே குற்றத்தைச் செய்த தோல்வணிகனுக்கு அந்த வழி இல்லை. இந்த வேறுபாடு ஊரார் நெஞ்சில் எவ்வளவு கசப்பை வளர்த்திருக்கும் என்பதை உணராமல் எழுதப்படும் கதையில், ஊராரும் மாணவரும் ஏன் பகைத்துக்கொள்கிறார்கள் என்பது வாசகருக்கு விளங்குவதே இல்லை. இந்தப் பகை பழையது: 1209இல் அந்நகரில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது, குற்றம் சாட்டப்பட்டவன் தப்பிவிட, அவனோடு தங்கியிருந்த மாணவர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைவிட்டே வெளியேறினர். அவர்களுள் சிலர் சென்று சேர்ந்த இடத்தில்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முளைத்தது.

காவல்துறை இல்லாத காலத்தில் விசாரணை எப்படி நடந்தது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். 1194இல் ஏற்படுத்தப்பட்ட, ஐயத்துக்குரிய மரணங்களை அரசர் சார்பில் விசாரிக்கும் கொரோனர் பதவியில் இருந்தவர், அக்கம்பக்கத்துக் குடிகளைச் சான்றாளர்களாகக் கூட்டி, பிணத்தை நேரில் பார்த்து, காயத்தின் நீளத்தையும் ஆழத்தையும் விரற்கடைக் கணக்கில் பதிவு செய்வார். பிணத்தை முதலில் கண்டவர் கூச்சலிட்டு ஊரைக் கூட்ட வேண்டும். கொன்ற கத்திக்கும் விலை மதிப்பிடப்படும். அந்தத் தொகை அரசருக்கு உரியது. ஆகவே, கதாநாயகன் அந்தக் கத்தியை ஓசையின்றி எடுத்து அங்கிக்குள் செருகிக்கொண்டு போவதாக எழுதினால், அவனே குற்றத்துக்கு ஆளாகிறான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆண்டைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். 1355 பிப்ரவரி 10 அன்று மதுக்கடை ஒன்றில், மது சரியில்லை என்று மாணவர் இருவர் தொடங்கிய சண்டை மூன்று நாள் கலவரமாகி, மாணவர்கள் மட்டுமே 63 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. அதன் பிறகு அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தார். ரொட்டி, மது ஆகியவற்றின் விலையையும் தரத்தையும் கண்காணிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத் தலைவரான வேந்தரின் கைக்கு மட்டுமே போயிற்று. 1350இல் நடக்கும் கதையில் அந்த அதிகாரம் முழுவதையும் வேந்தருக்குக் கொடுத்துவிடுவது பிழை.

உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலை ஆகியவை அன்றைய இங்கிலாந்தில் இல்லை என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் மாணவர்கள் எல்லாரும் கல்லால் கட்டிய கல்லூரிகளில் வாழ்ந்ததாக இன்னும் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் வாடகை வீடுகளிலேயே தங்கினர். பதினான்கு, பதினைந்து வயதில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

காணாமற்போன சுவடியைக் கொலைக்குக் காரணமாக்குவோர், அதைப் பூட்டிய நூலகத்திலேயே தேட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் கடன்பெட்டியில் நூலை ஈடாக வைத்து மாணவர் கடன் பெற்றனர். அந்நூலின் ஓர் ஏட்டில் அடகு வைத்தவர் பெயர், நாள், தொகை ஆகியவை எழுதப்பட்டன. அத்தகைய குறிப்புகளைத் தாங்கிய சுவடிகள் இன்றும் கிடைக்கின்றன: ஒருவர் பெயரை அடித்துவிட்டு அதன் கீழே மற்றொருவர் பெயர்.