நீலகிரியில் சைக்கிள் செயினைப் பேணும் முறை

சைக்கிள் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணியும் அதைச் சுற்றி உருளும் சிறு உருளையும் உள்ளன. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய இந்த உருளைச் செயினின் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தேய்மானம் நிகழ்வது உருளைக்குள், ஆணியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில். எண்ணெய் தேவைப்படுவதும் அங்கேதான். வெளித்தகடுகளில் பளபளக்கும் எண்ணெய், துருவைச் சற்றுத் தடுப்பதைத் தவிர வேறு பயன் எதையும் தருவதில்லை. மாறாக, சாலை மண்ணைப் பிடித்துவைத்து, உலோகத்தை அரைத்துத் தின்னும் கருஞ்சேறாக மாறிவிடுகிறது. எண்ணெயை உள்ளே செலுத்தி, வெளியே துடைத்தெடுப்பது என்பதே செயின் பராமரிப்பின் முழு வேலையும்.

சமவெளியில் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டால் போதும் என்று சொல்லும் கணக்கு, மலைக்குப் பொருந்தாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரையும் கோத்தகிரியையும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை நனைக்கும். மழை இல்லாத நாளிலும் மூடுபனிக்குள் ஓட்டி வந்த சைக்கிளின் செயின் ஈரமாகவே வீடு சேரும். அத்துடன் ஏற்றத்தின் சுமையும் சேர்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவரின் எடை முழுவதையும் இழுப்பது அந்த மெல்லிய ஆணிகளே. ஆகவே நாள்காட்டியைப் பார்ப்பதைவிடச் செயினைப் பார்ப்பதே சரி. பெடலை மிதிக்கையில் கீச்சென்ற ஒலி எழுந்தாலோ, உருளைகள் வறண்டு வெளிறித் தெரிந்தாலோ, ஏதேனும் ஒரு கண்ணி மடங்கிய நிலையிலேயே விறைத்து நின்றாலோ எண்ணெய் விடும் காலம் வந்துவிட்டது. மழையில் நனைந்த சைக்கிளுக்கோ இந்த அறிகுறிகள் தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது. வீடு திரும்பிய அன்று மாலையே துடைத்து உலர்த்தத் தொடங்க வேண்டும்.

முதலில் துடைப்பு. பழைய பருத்தித் துணியால் செயினின் கீழ்ப்பகுதியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றினால் மேலழுக்கு வந்துவிடும். செயின் ஓரளவு சுத்தமாகவே இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்; ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டுவது தேவையற்றது மட்டுமல்ல, உள்ளிருக்கும் நல்ல எண்ணெயையும் கழுவிவிடும். கருஞ்சேறு படிந்திருந்தால் மட்டும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கண்ணிகளையும் பல்சக்கரத்தின் இடுக்குகளையும் தேய்க்க வேண்டும். பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலின் உட்பகுதிக்குள் மண்ணெண்ணெய் வழிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்; அங்குள்ள மசகு கரைந்துபோகும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அழுக்கேறிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குன்னூர் ஆறு இறங்கிச் சேர்வது பவானியில். கீழே அந்நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு டப்பாவில் ஊற்றி மூடி வைத்தால் சில நாள்களில் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுமுறை பயன்படுத்தலாம்.

அடுத்து உலர்த்துதல். மலையில் பலரும் பொறுமை இழக்கும் கட்டம் இதுதான். குளிரில் மண்ணெண்ணெயும் நீரும் ஆவியாக நெடுநேரம் பிடிக்கும். ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டால், உட்புகுந்த நீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். உலர்ந்த துணியால் இரண்டு மூன்று முறை அழுத்தித் துடைத்து, அடுப்புக்கும் நெருப்புக்கும் எட்டாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இரவு முழுவதும் விட்டுவைத்துக் காலையில் எண்ணெய் விடுவதே நல்லது.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் தேவை. சமையலறையில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது; ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும் அந்த எண்ணெய், கோடையிலும் பெரும்பாலான நாள்கள் 25 டிகிரியை எட்டாத உதகையில் கண்ணிகளுக்குள் வெண்ணிறக் கட்டியாக நிற்கும். தையல் மிஷின் எண்ணெய் நன்றாக உட்புகும்; ஆனால் ஒரு மழையிலேயே கழுவப்பட்டுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களுக்கு அது போதும். பருவமழைக் காலத்துக்கு, ஈரத்தைத் தாங்குவதற்கென்று சைக்கிள் கடைகளில் விற்கும் சற்றுக் கெட்டியான செயின் எண்ணெயே ஏற்றது. மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கழிவு எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கிரீஸ் உருளைக்குள் இறங்காது. மேலே அப்பிக்கொண்டு மண்ணைச் சேர்க்கும்.

எண்ணெய் விடும்போது செயினின் கீழ் ஓட்டத்தில், பல்சக்கரத்தைத் தொடும் உட்புறத்தில், உருளைக்கு ஒரு துளி வீதம் விட்டுக்கொண்டே பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் இன்னும் சிலமுறை சுழற்றி, கால் மணி நேரமாவது ஊற விட்டு, பின்பு வெளிப்புற எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைத்தபின் விரலால் தொட்டால் லேசான பிசுக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

இவ்வேலையில் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. சக்கரத்தின் ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ டிஸ்க்கிலோ ஒரு துளி எண்ணெய்கூடப் படக் கூடாது. குன்னூரிலிருந்து பர்லியார் நோக்கி இறங்குகையில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஸ்ப்ரே வகை எண்ணெயை நான் பரிந்துரைப்பதில்லை; அது குறி வைத்த இடத்தில் மட்டும் விழுவதில்லை. செயினுக்குப் பின்னால் ஒரு துணியைத் தடுப்பாகப் பிடித்துக்கொள்க. டிஸ்க் இருந்தால் மூடிவிடுக. ரிம்மில் பட்டுவிட்டால் சோப்புநீரால் கழுவி உலர்த்தி, பிரேக் கட்டையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டிஸ்க் பிரேக்கின் கட்டை எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

செயினின் ஆயுளை ஒரு ஸ்கேலால் அளக்கலாம். ஓர் ஆணியின் மையத்தில் சுழியத்தை வைத்தால், அதிலிருந்து 24-ஆவது ஆணியின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது 1.6 மி.மீ. தள்ளி நின்றால் புதுச் செயின் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 3 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போயிருந்தால் ஃப்ரீவீலின் பற்களும் கொக்கிபோல் வளைந்திருக்கக்கூடும். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையேல் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கையில் புதுச் செயின் பல்விட்டுத் தாவும்.

கியர் இல்லாத சைக்கிளில், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் பிளவுபட்ட முனை, செயின் நகரும் திசைக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடக்கூடும். செயின் தொய்ந்திருந்தால், பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் அசையும் அளவுக்குச் சக்கரத்தைப் பின்னிழுத்து, இருபுறமும் சமமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு நட்டுகளை முறுக்கிவிடலாம்.