ஸ்வால்பார்டு சிறுகப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

1. விசா. ஸ்வால்பார்டு ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம். ‘அங்கே போக விசா வேண்டாம்’ என்பது பாதி உண்மை. தீவுக்கு வேண்டாம், ஆனால் பெரும்பாலும் ஆஸ்லோ போன்ற நார்வே நகரம் வழியாகத்தான் போய்வர வேண்டும். தீவு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) எல்லைக்கு வெளியே இருப்பதால், திரும்பும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். ஆகவே இருமுறை நுழைவு ஷெங்கன் விசா கேட்டு வாங்குங்கள். கப்பல் கிளம்பும் ஊரான லாங்இயர்பியனுக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். பெட்டி வந்து சேரவில்லை என்று கப்பல் காத்திருக்காது.

2. மாதம். ஜூனில் கடல்பனி அதிகம், வடகிழக்கே போவது கடினம். பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனைச் சுற்றிவர ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தோது. ஆனால் ஆல்கெஃபெல்லெட் பாறையில் கூடுகட்டும் கில்லமாட் பறவைகள் ஆகஸ்டில் கடலுக்கு இறங்கிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஜூலை நடுவில் போங்கள்.

3. கப்பல். 2025 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை. 100 பேருக்குள் இருந்தால் இன்னும் நல்லது; கரையிறங்க முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

4. ஜோடியாக் ரப்பர் படகு. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கேமரா பைக்குள், இரண்டு கையும் காலி. படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், ஈரக் கையுறை வழுக்கும். அவர் முன்கையை நீங்களும், உங்கள் முன்கையை அவரும் பற்ற வேண்டும். ஒரு கால் ரப்பர் குழாயில், அடுத்தது தரையில். உடனே குழாய்மேல் உட்கார்ந்து நகருங்கள். அலை படகைத் தூக்கும் நேரத்தில் கால் வைக்காதீர்கள், படகோட்டி ‘வா’ என்றபிறகே. மழைக்கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே திணித்தால் கரையில் ஒரே அலையில் பூட்ஸ் நிறைந்துவிடும். பூட்ஸ் ஓரளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு கம்பளிக் காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும்.

5. பனிக்கரடி. 300 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். அந்தத் தூரத்தில் பனி வெள்ளையாகவும் கரடி வெண்ணெய் நிறத்திலும் தெரியும். மஞ்சளடித்த புள்ளியைத் தேடுங்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் இல்லாமல் போவது வீண். கேமராவை அறைக்குள் கொண்டுபோகுமுன் ஜிப் பையில் மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

6. நீ-ஓலசுண்ட். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கும் ஊர். அங்குள்ள ரேடியோ ஆன்டெனாவுக்கு இடைஞ்சல் என்பதால் வைஃபை, புளூடூத் இரண்டும் கரையிறங்குமுன் அணைந்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் இருக்கும் புளூடூத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.